மருந்துக்கடை ‘ம’

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஸ்கேல் டீச்சர் என்று பெயர். ஸ்கேலால் அடிப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், ஒரு பிள்ளையின் விரல்மேலும் அது பட்டதில்லை. பெஞ்சு கோணலாக இருந்தால் ஸ்கேலை ஓரமாக வைத்துப் பார்த்து நேராக்குவாள். கரும்பலகையில் தேதி எழுதும்போதும் அடியில் ஸ்கேல் இருக்கும். ஜன்னல் திட்டில் பிள்ளைகள் கன்னாபின்னாவென்று வைத்துப் போன தண்ணீர் பாட்டில்களை உயரவாரியாக அடுக்கிவிட்டுத்தான் பாடத்தையே ஆரம்பிப்பாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். அவள் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஒரு ஸ்பேனரை எடுத்தால் எடுத்த ஆணியிலேயே மாட்ட வேண்டும். அளவு மாறி மாட்டிவிட்டாரோ, அன்றைக்கு வீட்டில் இடியும் மின்னலும்தான்.

"உன்கூடக் குடித்தனம் பண்றதுக்குப் பதிலா நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயே படுத்துக்கலாம்" என்பார். "அங்கயாவது கொஞ்சம் தூசி இருக்கும்."

"போங்களேன், யாரு வேண்டாம்னா?" என்பாள் அவள், அவர் மாற்றி மாட்டிய ஸ்பேனரைச் சரியான ஆணிக்குக் கொண்டுபோய்க்கொண்டே.

இரண்டாம் வகுப்புதான் அவளுக்கு எப்போதும். வேறு வகுப்பு கொடுத்தாலும் வாங்கமாட்டாள். பிள்ளைகள் எழுத்துக் கூட்டப் பழகும் இடம் அதுதான், அங்கே சறுக்கினால் அப்புறம் எல்லாமே சறுக்கல்தான் என்பது அவள் கட்சி. அந்த வருஷம் அவள் வகுப்பில் சறுக்கிக்கொண்டிருந்தவள் ஒரே ஒருத்தி. குரல் அவ்வளவு சின்னது என்பதால் எல்லோரும் அவளைக் குருவி என்று கூப்பிட்டார்கள். போன வருஷமும் இதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷக் கடைசியிலும் படிக்கவில்லையென்றால் ஊர்க்கோடியில், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கென்று இருக்கும் தனிப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அது பள்ளிக்கூடத்து விதி. அந்தப் பள்ளி கெட்ட பள்ளி இல்லை. ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும். குருவியின் அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறவள், விடிந்ததும் போய் நிற்க வேண்டும். அப்பா கிடையாது. குருவியை யார் கொண்டுபோய் விடுவது? ஒன்று அம்மா வேலையை விட வேண்டும், இல்லையென்றால் குருவி வீட்டோடு கிடக்க வேண்டும். இரண்டுமே ஸ்கேல் டீச்சருக்குச் சம்மதமில்லை.

அப்போதுதான் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் ஒரு இணையதளத்தை அனுப்பினாள். அதில் ஒரு சொல்லைத் தட்டினால், ஒவ்வொரு எழுத்தும் ஒரு புகைப்படமாக வந்து வரிசையில் நிற்கும். கடைப் பலகையிலிருந்து ஒன்று, லாரி முதுகிலிருந்து ஒன்று, யாரோ சுவரில் கிறுக்கியது ஒன்று. தமிழ் எழுத்துக்குத்தான் அங்கே பஞ்சம். ஆனால் நம் படங்களை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

"அம்மா, இதுல என்ன விசேஷம்னா, ஒரு எழுத்துக்கு எத்தனை படம் வேணா போடலாம். ஒவ்வொரு தடவையும் வேற வேற படம் மாறி மாறி வரும். அதான் அழகே."

"எனக்கு அந்த அழகு வேண்டாம்டி. இன்னைக்குப் பச்சை, நாளைக்கு மஞ்சள்னு வந்தா பிள்ளைங்க குழம்பிப் போகும். ஒரு எழுத்துக்கு ஒரு படம். முடிஞ்சது."

"உன்னைத் திருத்தவே முடியாதும்மா" என்று மகள் போனை வைத்தாள். நம் டீச்சர் அந்த மாற்றிக் காட்டும் பொத்தானைத் தேடிப்பிடித்து அணைத்துவைத்தாள். இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில வாரம் விடுமுறை நாள் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்தாள். கூடவே வீட்டுக்காரர், ரிப்பேர் வேலைக்குக் கொண்டுபோகிற ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு. எழுத்து சுத்தமாக இருக்க வேண்டும், பெயின்ட் உரிந்திருக்கக் கூடாது, நிழல் விழக் கூடாது. மருந்துக்கடையின் பச்சைப் பலகையிலிருந்து ‘ம’ கிடைத்தது, அதே பலகையிலிருந்து ‘ம்’மும். பழக்கடையின் சிவப்பிலிருந்து ‘ப’. டயர் கடையின் மஞ்சளிலிருந்து ‘ட’. இரும்புக்கடையின் நீலப் பலகையில் ஒரு ‘க’ இருந்தது, அடடா, அச்சில் வார்த்த மாதிரி. ஏணியைச் சாத்தி ஏறி, ஸ்கேலைப் பலகையோரம் வைத்துச் சாய்வு பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"மேடம், மேடம்! பலகையை அளக்கிறீங்களா? போன மாசந்தானே நகராட்சிக்கு வரி கட்டினேன்!"

"வரி இல்லைங்க, நான் டீச்சர். உங்க ‘க’ வேணும்."

"என் ‘க’ எதுக்கு உங்களுக்கு?" என்றவர், அவள் சொன்னதைக் காதில் வாங்காமல், தார்ப்பாயை எடுத்துவந்து பலகையையே மூடிவிட்டார். வீட்டுக்காரர் கீழே நின்று வயிறு வலிக்கச் சிரித்தார். மறுநாள் அவர் போய் அந்தக் கடை ஃபிரிட்ஜுக்குக் காசு வாங்காமல் கேஸ் நிரப்பிக் கொடுத்த பிறகுதான் தார்ப்பாய் விலகியது.

சும்மா சொல்லக் கூடாது, வகுப்பில் அந்தப் படங்கள் சக்கைப் போடு போட்டன. திரையில் எழுத்துகள் கலர் கலராக வந்து நிற்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கணினியில் தட்டிச் சொல் கோத்தார்கள். ‘படம்’, ‘கடல்’, ‘மரம்’, ‘நகம்’. பெல் அடித்தாலும் வெளியே ஓட மனசில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் குருவி. வாயே திறக்காத பெண், திரையைப் பார்த்து உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் சொல்லைச் சொன்னாள். கேட்கத்தான் எல்லோரும் கிட்டே போக வேண்டியிருந்தது.

ஸ்கேல் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை ஆசிரியர் அறையில் டீயைக் குடித்தோமா, கப்பைக் கழுவினோமா என்று இருந்தவள், இப்போது கேட்கிறவர், கேட்காதவர் எல்லோருக்கும் தன் படங்களைக் காட்டினாள். கணக்கு சார் அவளைக் கண்டாலே பாத்ரூம் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தார். தலைமை ஆசிரியை ஒருநாள் வகுப்புக்கு வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு டீச்சர். குருவிக்கு வருஷக் கடைசிப் பரீட்சையை இந்தப் படங்களையே கார்டுல அச்செடுத்து வெச்சுக்கலாம். நீங்களே பத்து கார்டு தயார் பண்ணிக் கொண்டுவாங்க, நான் கேட்கிறேன்" என்றாள்.

குருவியின் அம்மா பள்ளி வாசலில் இதைக் கேட்டதும் டீச்சரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சோப்பில் ஊறி ஊறிச் சொரசொரவென்றிருந்த கை. "நீங்க நல்லாருப்பீங்க டீச்சர்" என்றாள். டீச்சர் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தாள்.

பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அன்று காலை திரைக்கு ஒளி பாய்ச்சுகிற கருவியின் பல்பு போய்விட்டது. அதனால் என்ன? சாக்பீஸை எடுத்தாள், ஸ்கேலை அடியில் வைத்து, கரும்பலகையில் ‘படம்’ என்று அழகாக எழுதினாள்.

"எங்க, படிங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தன் தடுமாறித் தடுமாறிச் சொன்னான், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டார்கள். குருவி மட்டும் திருதிருவென்று விழித்தாள்.

"நீ சொல்லும்மா. நேத்துகூடச் சொன்னியே."

குருவி எழுந்து பலகைக்குப் பக்கத்திலேயே போனாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள்: "இதுல மருந்துக்கடை எங்க இருக்கு டீச்சர்?"

"என்னது?"

"மருந்துக்கடை. பச்சை. எல்லாம் வெள்ளையா இருக்கே, எது எதுன்னே தெரியல."

டீச்சருக்குப் பகீரென்றது. குருவி முணுமுணுத்ததெல்லாம் என்னவென்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பழக்கடை, டயர் கடை, மருந்துக்கடை. அந்தக் குழந்தை எழுத்தைப் படிக்கவே இல்லை. சிவப்பையும் மஞ்சளையும் பச்சையையும் படித்திருக்கிறது. ஒரு எழுத்துக்கு ஒரே படம் என்று கண்ணும் கருத்துமாகப் பொறுக்கி, மாறிவிடாமல் பூட்டியும் வைத்தது யார்? வேறு யார், சாட்சாத் இவள்தான்!

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததோடு சரி. வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் கையில் இருந்த கம்ப்ரசரைக் கீழே வைத்தார்.

"சரி, இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஹெச்.எம்.மே படக் கார்டுல வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. நீ ஒண்ணும் திருட்டு வேலை பண்ணலையே. படத்தைக் கொடு, பொண்ணு சொல்லிட்டுப் போகட்டும்."

"மூணாங்கிளாஸ் புஸ்தகம் பச்சையும் சிவப்புமாவா இருக்கு? அங்க போய் முழிப்பாளே."

"அது மூணாங்கிளாஸ் டீச்சர் பாடு."

"உங்களுக்கென்ன, ஈஸியா சொல்லிடுவீங்க" என்று சிடுசிடுத்தாள். ஆனால் அந்த வார்த்தை அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றே பத்து படக் கார்டுகளை அச்செடுத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பையின் ஒரு பக்கம் வைத்தாள். அதே பத்துச் சொற்களைக் கறுப்பு மையில் வெறும் எழுத்தாக எழுதி இன்னொரு பக்கம் வைத்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் குருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனாள். தாயிடம் உண்மையைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. துணி வெளுக்கும் பகுதி கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய மெஷின்கள், ஆவி, தள்ளுவண்டிகள். வேலை செய்கிற எல்லோரும் ஒரே நீல அங்கி, தலைக்கு உறை, வாய்க்கும் மூக்குக்கும் முகமூடி. கண் மட்டும்தான் தெரிந்தது, ஆவியில் அதுவும் சரியாகத் தெரியவில்லை.

"இங்க உங்கம்மா எங்க இருக்காங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

"அதோ" என்று குருவி சட்டென்று கை காட்டினாள். கடைசி மெஷினுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி வண்டி தள்ளிப் போனாள்.

"முகம்கூடத் தெரியல. எப்படிடி கண்டுபிடிச்ச?"

"நடை டீச்சர்" என்றாள் குருவி, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி. "எங்கம்மா வலது காலை இப்படி வெளிய வீசி வெப்பாங்க. அந்த அத்தை குட்டிக் குட்டியா நடப்பாங்க. இன்னொரு அத்தை திரும்பறப்போ நின்னு திரும்புவாங்க." ஒவ்வொருவரையும் நடந்தே காட்டினாள்.

டீச்சர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மா வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும், டீச்சர் எல்லாவற்றையும் மென்று விழுங்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையது, பிள்ளையுடையது இல்லை என்றும் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"படம் இருந்தா படிச்சிருவாளா டீச்சர்?"

"படிச்சிருவா."

"அப்போ அதையே வெச்சிருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். அந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்கு ஆகாது. நான் வேலையை விட்டா சோத்துக்கு என்ன பண்றது?"

"ஒரு வாரம் எனக்குக் கொடுங்க" என்றாள் டீச்சர். அதற்குமேல் எந்தச் சத்தியமும் செய்ய அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு நடந்ததுதான் அந்தப் பள்ளிக்கூடம் பார்க்காத கூத்து. ஸ்கேல் டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து, "நாளைக்கு எல்லாரும் ஒரு ‘ம’ கொண்டுவாங்க. எவ்வளவு கேவலமா இருக்கோ அவ்வளவு நல்லது" என்றாள். காது சரியாகத்தான் கேட்டதா என்று பிள்ளைகளுக்கே சந்தேகம். கொண்டுவந்தார்கள் பாருங்கள்! மாவில் செய்தது, கம்பியை வளைத்தது, ஈர மண்ணில் விரலால் கீறியது, தாத்தாவின் நடுங்கும் கையெழுத்து, இடது கையால் எழுதியது. ஒருத்தன் ஷூ லேசைத் தரையில் போட்டு ‘ம’ என்றான். மற்ற எழுத்துகளும் இப்படியே வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றினாள். இரும்புக்கடைக்காரர் தானாகவே வந்து, பழைய ரசீதுகளில் தன் கையால் கிறுக்கிய ‘க’க்களைக் கொடுத்துவிட்டு, "இதுக்கு வரி கிடையாதுதானே?" என்று கேட்டுப் போனார். வீட்டுக்காரர் செப்புக் குழாயை வளைத்து ஒரு ‘ட’ செய்து தந்தார். அது கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கத் துடித்த கையை அவள் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கடைசியாக, அணைத்துவைத்திருந்த அந்தப் பொத்தானைத் தட்டினாள். அதற்கப்புறம் ‘மரம்’ என்று தட்டினால், பத்துத் தடவைக்குப் பத்து விதமாக வந்தது.

"குருவி, நிறத்தைப் பார்க்காதே. நடையைப் பாரு. எங்க கிளம்புது, எங்க திரும்புது, எங்க நிக்குது?"

குருவி ஆள்காட்டி விரலைக் காற்றில் நடக்கவிட்டாள். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாவில் செய்ததைக் கண்டு அழுதாள், மருந்துக்கடையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். மூன்றாம் நாள் ‘ப’வைப் பிடித்தாள். நான்காம் நாள் ‘ம’வைப் பிடித்து, மறுநாள் காலையில் விட்டுவிட்டாள். டீச்சர் தலையைப் பிய்த்துக்கொண்டாள். வாரம் முடிந்தபோது பாதி வந்திருந்தது, பாதி வரவில்லை. எந்தப் பாதி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பரீட்சை தலைமை ஆசிரியையின் அறையில் நடந்தது. மேசைக்கு முன்னால் குருவி. சுவரோரம் டீச்சர். வேலையில் பாதி நேரம் விடுப்புச் சொல்லிவிட்டு, குருவியின் அம்மா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"கார்டு கொண்டுவந்தீங்களா?"

டீச்சர் கைப்பைக்குள் கையை விட்டாள். படக் கட்டு விரலில் பட்டது. எடுத்துக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. வெளியே நிற்கும் அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிடுவாள். டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பெண் தோற்றால் அந்தப் பாவம் தன் தலையில்தான், ஜெயித்தால் அந்தப் பொய்யும் தன் தலையில்தான். கை மற்றப் பக்கம் போயிற்று. கறுப்பு மைக் கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"படம் எங்கே?"

"படத்துல வெச்சா படிச்சிருவா மேடம். ஆனா அது படிப்பு இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்."

தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். கார்டுகளைப் புரட்டினாள். "அப்படின்னா இதுவும் வேண்டாம். உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கு, பழகியிருப்பா. நானே எழுதறேன்."

தேவையா இது என்று டீச்சருக்குத் தோன்றியது. தலைமை ஆசிரியையின் கையெழுத்து பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த கையெழுத்து. அவள் அனுப்பும் சுற்றறிக்கையைப் படிக்க ஆசிரியர்கள் கூட்டம் போட வேண்டும். அந்தக் கையெழுத்தில் வெள்ளைத் தாளில் ‘படம்’ என்று கிறுக்கி, குருவியின் முன்னால் தள்ளினாள்.

குருவி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குருவியின் விரல் மேசைக்கு மேலே மெல்ல எழும்பியது. கீழே இறங்கியது, திரும்பியது, ஏறியது.

"கை ஏன் ஆடுது?" என்றாள் தலைமை ஆசிரியை.

"நடக்கிறேன் மேடம்" என்றாள் குருவி. "ப... ட..." கடைசி எழுத்தில் விரல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து நடந்து வந்து, அதே இடத்தில் நின்றது. "இது நொண்டுது."

"என்ன நொண்டுது?"

"இந்த எழுத்து. சரியா நடக்கல. ஆனா..." என்று குனிந்து, மூக்கு தாளில் படுகிற மாதிரி பார்த்தாள். "ம். புள்ளி வெச்ச ம். படம்."

தலைமை ஆசிரியை ஒரு கணம் தன் கையெழுத்தையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்றார், நொண்டுதுன்னு!" என்று அடுத்த சொல்லை எழுதினாள். அதற்கடுத்தது, அதற்கடுத்தது. குருவி இரண்டு சொல்லைத் தவறவிட்டாள். மற்றதையெல்லாம் நடந்தே கடந்தாள். மெதுவாகத்தான், நொண்டி நொண்டித்தான், ஆனால் கடந்தாள்.

"மூணாங்கிளாஸ்ல உட்காரட்டும்" என்றாள் தலைமை ஆசிரியை.

கதவைத் திறந்து டீச்சர் தலையை ஆட்டியதுதான் தாமதம், அந்த அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். குருவி போய் மடியில் விழுந்தாள். கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்த டீச்சர், அவசரத்தில் படக் கட்டைக் கீழே தவறவிட்டாள். ரப்பர் பேண்டு தெறித்து, பத்து கார்டும் நடைபாதை முழுக்கச் சிதறின. சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. நம் டீச்சர் குனியக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

குருவிதான் எழுந்து பொறுக்கினாள். ‘மரம்’ கார்டு கைக்கு வந்ததும் நின்றாள். அந்தப் பச்சைப் பலகை எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல் ஒரு தடவை அதன்மேல் நடந்தது.

"டீச்சர்" என்றாள் அந்தச் சின்னக் குரலில், "இதும் ஒரு ம."